ஒரு லேன் போதும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் சென்னையில் 31 வருஷம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவன். இதற்கு முன் உங்களுக்கு ரெண்டு கடிதம் எழுதியிருக்கிறேன். ரெண்டுமே ரோட்டுப் பள்ளம் பற்றி. ஒன்றைப் போட்டீர்கள், பள்ளம் அப்படியேதான் இருக்கிறது. இது நீச்சல் குளம் பற்றியது, கொஞ்சம் நீளமாகத்தான் வரும். இடம் போதாவிட்டால் என் சுயபுராணத்தை வெட்டிக்கொள்ளுங்கள், கடைசியில் கேட்டிருப்பதை மட்டும் வெட்ட வேண்டாம்.

டிரைவர்களுக்கு முதுகு போவது புதிதில்லை. எனக்கு இடுப்புக்கு மேலே டிஸ்க் பிதுங்கியிருப்பதாக ஸ்கேனில் வந்தது. டாக்டர் நடக்கச் சொன்னார். கிளட்ச் மிதித்து மிதித்து இடது முழங்காலும் தேய்ந்து போயிருந்தது. ரெண்டு கிலோமீட்டர் நடந்தால் மறுநாள் மாடிப்படி ஏற முடியவில்லை. "அப்படின்னா தண்ணிக்குள்ள இறங்குங்க. கழுத்தளவு தண்ணியில நின்னா உடம்பு கனத்துல பத்துல ஒரு பங்குதான் கால் மேல விழும்" என்றார். அப்புறம், நீச்சல் தெரியுமா என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

நான் பிறந்தது முசிறி பக்கம். ஏழு வயதில் அப்பா என் இடுப்பில் கயிறு கட்டி, முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டி, வயல் கிணற்றில் தள்ளிவிட்டார். மூன்றாம் நாள் குடுக்கையை அவிழ்த்தாயிற்று. பத்து வயதில் மோட்டார் ரூம் மேலிருந்து பல்டி அடிப்பேன். முங்கிப் போய் அடிமண்ணை ஒரு பிடி அள்ளிக்கொண்டு மேலே வருவேன். இப்படிப்பட்டவனைப் பார்த்து நீச்சல் தெரியுமா என்றால்?

வீட்டிலிருந்து பஸ்ஸில் இருபது நிமிஷத் தொலைவில் ஒரு பொதுக் குளம், 25 மீட்டர். காலை 6 மணி பேட்ச். பருத்தி டவுசர் கூடாது, நைலான் வேண்டும், தலைக்குத் தொப்பி வேண்டும் என்றார்கள். வழுக்கைக்கு எதற்குத் தொப்பி என்று கேட்டேன், ரூல் என்றார்கள். சரி என்று மாட்டிக்கொண்டு குதித்தேன்.

தலையை மேலே தூக்கி வைத்துக்கொண்டு, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டியபடி, படார் படார் என்று கையை வீசினேன். எங்கள் ஊர்க் கிணற்று நீச்சல் அதுதான். எதிர்ச்சுவரைப் பிடித்தபோது வாயில் பேச்சு வரவில்லை. நெஞ்சு அடித்துக்கொண்ட வேகத்தில் லைப்கார்டு எழுந்தே நின்றுவிட்டார். எங்கள் கிணற்றில் ஒரு சுவருக்கும் எதிர்ச்சுவருக்கும் எட்டு மீட்டர்கூட இருக்காது என்பது 60 வயதில் அங்கே வைத்துத்தான் எனக்கு உறைத்தது. அதற்குள் பக்கத்தில் பத்து வயதுச் சிறுமி ஒருத்தி சத்தமே இல்லாமல் போய்த் திரும்பி வந்துகொண்டிருந்தாள். நான் வந்த வழி மட்டும் எருமை இறங்கிய குட்டை மாதிரி கலங்கிக் கிடந்தது.

அங்கே கோச்சாக இருக்கும் தம்பி கிட்டே வந்தார். "மூச்சை எங்க சார் விடுறீங்க?"

"மேல வந்துதான். தண்ணிக்குள்ள எப்படிப்பா விடுறது?"

"அங்கதான் சார் விடணும். தலையைத் திருப்புற நேரமே அரை செகண்டுதான். அதுக்குள்ள விட்டு, மறுபடி இழுக்க முடியுமா? உள்ளயே எல்லாத்தையும் விட்டுட்டு வாங்க. மேல வந்தா இழுக்கிற வேலை மட்டும்தான் இருக்கணும்."

நாலு நாள் சுவரைப் பிடித்துக்கொண்டு, முகத்தை முக்கிக் குமிழி விட்டேன். என் ரெண்டு பக்கமும் யு.கே.ஜி. பிள்ளைகள் அதையேதான் செய்துகொண்டிருந்தார்கள். "தாத்தாவுக்கு நீச்சல் தெரியாதா?" என்று ஒரு வாண்டு ஊருக்கே கேட்கிற மாதிரி கேட்டது. தெரியாதுதான். எனக்கு மூச்சு முட்டியதற்குக் காரணம் காற்று போதாததில்லையாம். உள்ளே இருந்த கெட்ட காற்று வெளியே போகாமல் அடைத்துக்கொண்டிருந்திருக்கிறது. இறங்குகிறவர்களை முதலில் விடு, அப்புறம் ஏறு என்று படிக்கட்டைப் பார்த்து 31 வருஷம் கத்தியவன் நான். அதே நியாயம் நெஞ்சுக்கும் உண்டென்று யாரும் சொல்லித் தரவில்லை.

அடுத்தது தலை. தலை மேலே வந்தால் கால் கீழே போகும், தராசுத் தட்டு மாதிரி. கால் கீழே போனால் உடம்பு சாய்ந்து, தண்ணீரை மார்பால் தள்ளிக்கொண்டு போக வேண்டியதுதான். கண் குளத்தின் தரையைப் பார்க்க வேண்டும் என்றார் தம்பி. தரையில் கறுப்பு டைல்ஸில் ஒரு கோடு போகிறது, சுவருக்கு 2 மீட்டர் முன்னால் குறுக்குக்கோட்டோடு முடிகிறது. அந்தக் குறுக்குக்கோட்டைக் கண்டதும் சுவர் வருகிறதென்று தெரிந்துகொள்ள வேண்டும். ரோட்டைப் பார்க்காமல் கோட்டைப் பார்த்து ஓட்டு என்றால் எந்த டிரைவருக்கும் பயமாகத்தான் இருக்கும். ஒரு மாதம் ஆனது நம்புவதற்கு.

காலைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். கிக் போர்டு என்று ஒரு பலகையைக் கையில் கொடுத்து, காலை மட்டும் அடித்துக்கொண்டு போகச் சொன்னார்கள். அடித்தேன். இருந்த இடத்திலேயே இருந்தேன். இன்னும் வேகமாக அடித்தேன். பின்னால் போனேன்! சத்தியமாகச் சொல்கிறேன், ரிவர்ஸ் கியர் போட்ட மாதிரி அரை அடி பின்னால் நகர்ந்தேன். தம்பிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அப்புறம் என் பாதத்தைப் பிடித்துப் பார்த்தார். கணுக்கால் மடங்கி இங்கிலீஷ் எழுத்து 'எல்' மாதிரி நிற்கிறது, நீட்டவே வரவில்லை. பிரேக்கிலும் ஆக்சிலரேட்டரிலும் அப்படியே 31 வருஷம் இருந்த பாதம், தண்ணீரில் மண்வெட்டி மாதிரி வேலை செய்து என்னைப் பின்னால் இழுத்திருக்கிறது. தினமும் வீட்டில் வஜ்ராசனத்தில் உட்காரச் சொன்னார். முழங்கால் ஒத்துக்கொள்ளாததால் தலையணை வைத்து ரெண்டு நிமிஷத்தில் ஆரம்பித்தேன். மூன்று மாதத்தில் பாதம் கொஞ்சம் இளகியது. இடுப்பிலிருந்து வர வேண்டும் அடி, முழங்காலை மடக்கி சைக்கிள் மிதிக்கக் கூடாது என்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான் பழகியது.

கையிலும் தொழில் புத்திதான். ஸ்டியரிங்கை ஒடித்துப் பழகிய வலது கை, தண்ணீரில் நுழையும்போது தலைக்கு நேராகக் குறுக்கே போய்விடும். அதனால் உடம்பு பாம்பு மாதிரி வளைந்து வளைந்து போகும். தோளுக்கு நேராகக் கையை விடு, முழங்கையை உயர்த்தி வை, முன்கையால் தண்ணீரைப் பிடித்துப் பின்னால் தள்ளு. சொல்ல ரொம்ப எளிது. தம்பி ஒரு வேலை கொடுத்தார்: ரெண்டு கையையும் முஷ்டி பிடித்து நாலு லேப் (ஒரு சுவரிலிருந்து எதிர்ச்சுவர் வரை போனால் ஒரு லேப்) நீந்த வேண்டும். தண்ணீர் பிடிபடவே மாட்டேன் என்கிறது. வேறு வழியில்லாமல் முன்கை முழுவதையும் போட்டு இழுக்க வேண்டியிருக்கிறது. ஐந்தாவது லேப்பில் விரலைத் திறந்ததும் உள்ளங்கையில் தண்ணீர் திடமாக, ஈரமணல் மாதிரி வந்து நின்றது. அன்றைக்கு வீட்டுக்கு வந்தும் டீ டம்ளரைப் பிடித்தபடி கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூச்சுக்கு வலது பக்கம் மட்டும்தான் இன்னமும் ஒழுங்காகத் திரும்புகிறேன். வலது பக்கக் கண்ணாடியைப் பார்த்த கழுத்து. மூன்று கை வீச்சுக்கு ஒரு தடவை, வலது ஒரு முறை, இடது ஒரு முறை என்று மாற்றி எடுக்க வேண்டுமாம். இடது பக்கம் திரும்பினால் பாதி நாள் தண்ணீர்தான் வாய்க்குள் வருகிறது.

ஆரம்பத்தில் ஒரு லேப்புக்கு 36 தடவை கை போட்டேன். இப்போது 24. இந்தக் கணக்கைத்தான் நான் நம்புகிறேன். வேகத்தை வீம்புக்குக்கூட ஏற்றிவிடலாம், எண்ணிக்கை பொய் சொல்லாது. அதே தூரத்தைக் குறைந்த வீச்சில் கடந்தால் டீசல் மிச்சம். முதல் வாரம் ரெண்டு லேப்பில் சுருண்டவன், இப்போது 40 லேப், அதாவது ஒரு கிலோமீட்டர் போகிறேன். நடுநடுவே ஓய்வெடுத்து 35 நிமிஷம் ஆகிறது. முதுகு முழுக்கச் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். மாத்திரையை நிறுத்தி எட்டு மாதமாகிறது.

இனி, கேட்க வந்தது.

அந்தக் குளத்தில் ஒரு பேட்சுக்கு அறுபது பேர் வரை விடுகிறார்கள். லேன் பிரிக்கும் கயிறு கிடையாது. நீளவாக்கில் நீந்துகிறவன் நான், அகலவாக்கில் நீந்துகிறவர் ஒருவர், நடுவில் நின்று அரசியல் பேசுகிறவர்கள் நாலு பேர், கரையிலிருந்து எகிறிக் குதிக்கிற இளைஞர்கள். தரையைப் பார்த்து நீந்து என்று கோச் சொல்கிறார், தரையைப் பார்த்தால் எதிரே வருவது தெரியாது. 31 வருஷத்தில் என் வண்டியில் ஒரு பெரிய விபத்து கிடையாது. குளத்தில் மூன்று மாதத்தில் ரெண்டு. ஒன்றில் காகில்ஸ் உடைந்தது, இன்னொன்றில் விலாவில் உதை. சென்னை ரோட்டில் யாரும் லேனில் போவதில்லை என்று புலம்பியே காலத்தைக் கழித்தவன், தண்ணீருக்குள்ளும் அதையே புலம்ப வேண்டியிருக்கிறது.

அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. நின்று பேசவும் விளையாடவும் அவர்களுக்கும் உரிமை உண்டு, அவர்களும் கட்டணம் கட்டித்தான் வருகிறார்கள். (குளிக்காமல், தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு அப்படியே இறங்குகிறவர்கள் மேல் மட்டும் கோபம் உண்டு. குளோரின் நாற்றம் என்று அவர்களே மூக்கைப் பிடிப்பார்கள். வியர்வையும் மூத்திரமும் குளோரினோடு சேர்வதால் வருகிற நாற்றம் அது.) ஓரத்தில் ஒரே ஒரு லேனைக் கயிறு கட்டி ஒதுக்கினால் போதும். ஒரு ஓரமாகப் போய் மறு ஓரமாகத் திரும்புவது என்று ஒழுங்கு வைத்தால், அந்த ஒரு லேனிலேயே ஆறேழு பேர் இடிக்காமல் நீந்தலாம். எல்லாப் பொதுக் குளங்களிலும் காலையில் ஒரு பேட்ச், மாலையில் ஒரு பேட்சுக்காவது இதைச் செய்யலாம். செகண்டு முள்ளோடு ஓடுகிற ஒரு கடிகாரமும் வேண்டும். இருபது செகண்டு ஓய்வெடு என்கிறார் கோச். சுவரில் இருக்கும் கடிகாரத்தில் நான் சேர்ந்த நாளிலிருந்து மணி 4.20.

ஏப்ரல், மே வந்தால் காலை நேரம் முழுவதும் கோடை முகாமுக்குப் போய்விடுகிறது, பெரியவர்கள் ஜூனில் வாருங்கள் என்கிறார்கள். போன கோடையில் ரெண்டு மாதம் வீட்டில் இருந்தேன், முதுகுவலி திரும்பி வந்தது. எங்கள் வீட்டம்மா பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். அவளுக்கும் முட்டிவலி. பெண்களுக்கான நேரம் வாரநாளில் பகல் 11 முதல் 12 வரை. அந்த நேரத்தில் அவள் சாம்பார் அண்டா பக்கத்தில் நிற்பாள். பெண்களுக்கு அதிகாலையிலோ, ஞாயிற்றுக்கிழமையோ ஒரு மணி நேரம் மாற்றிக் கொடுத்தால் என்ன?

1994ல் குற்றாலீஸ்வரன் என்ற பள்ளிக்கூடப் பையன் இங்கிலீஷ் கால்வாயை நீந்திக் கடந்தபோது என் பஸ்ஸில் ஒரு வாரம் அதே பேச்சு. அடுத்த வருஷம் சென்னையில் நடந்த தெற்காசிய விளையாட்டுப் போட்டிக்காக வேளச்சேரியில் பெரிய நீச்சல் குளமே கட்டினார்கள். பிள்ளைகளுக்கும் போட்டிக்கும் செய்ததெல்லாம் நல்ல காரியம். முதுகு போனவர்களும் முட்டி தேய்ந்தவர்களும் குளத்துக்கு வருவார்கள் என்று அன்றைக்கு யாருக்கும் தோன்றவில்லை போலிருக்கிறது. இப்போது வந்துகொண்டிருக்கிறோம். எங்கள் 6 மணி பேட்சிலேயே ஐம்பது தாண்டியவர்கள் ஒன்பது பேர், அதில் ரெண்டு பேருக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டு இருக்கிறது.

செலவு ஆகும், டெண்டர் விட வேண்டும் என்று பதில் வரலாம். அதற்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். லேன் கயிறு அங்கேயே இருக்கிறது. பம்ப் ரூமுக்குப் பின்னால், சிவப்பும் வெள்ளையுமாக மிதவை கோத்த கயிறு, சுருட்டிப் போட்டு மேலே தூசி படிந்து கிடக்கிறது. நானே போய்ப் புரட்டிப் பார்த்தேன். மிதவைகள் எல்லாம் நன்றாகத்தான் இருக்கின்றன. ரெண்டு பக்கச் சுவரிலும் மாட்டுகிற கொக்கி மட்டும் துருப்பிடித்து விட்டுப்போயிருக்கிறது. கொக்கி வாங்கித் தருகிறேன் என்று ரெண்டு தடவை சொன்னேன். வெளி ஆள் பொருளை வாங்கி மாட்டக் கூடாதாம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற பஸ் டிரைவர்,
சென்னை

பி.கு.: பெயரைப் போட வேண்டாம். நாளைக் காலை 6 மணிக்கு நான் அதே குளத்துக்குத்தான் போக வேண்டும்.