சால்மன் ஓடையில் மூன்று கேமராக்கள்

பிரின்ஸ் ரூபர்ட், கனடா,
அக்டோபர் 19

அன்புள்ள மாப்ளைக்கு,

உன் கடிதம் வந்து ஒரு மாதம் ஆகிறது. கோபித்துக்கொள்ளாதே, விடுமுறை நாளெல்லாம் காட்டிலேயே போய்விட்டது. முழங்கால் இப்போது எப்படி? மாடிப்படி ஏற முடிகிறதா?

விலங்கு வந்தால் தானாகப் படம் எடுக்கும் கேமராவைக் காட்டில் எப்படிக் கட்டுகிறேன், அதில் என்ன கிடைத்தது என்று கேட்டிருந்தாய். அதற்கு வருகிறேன். ஸ்கீனா ஆற்றில் போய்ச் சேரும் ஒரு சின்ன ஓடை. அந்த மண்ணின் பூர்வகுடிகளான சிம்ஷியன் மக்களிடம் கேட்டு, அவர்கள் சரி என்று சொன்ன இடத்தில் மூன்று கேமரா கட்டியிருக்கிறேன். ஓடையின் பெயரை உனக்குக்கூட எழுத மாட்டேன். இடம் தெரிந்தால் கூட்டம் வரும். சால்மன் மீன்கள் முட்டையிடக் கடலில் இருந்து ஓடைக்கு ஏறி வரும் இந்தச் சில வாரங்களில் தின்று சேர்க்கும் கொழுப்பை வைத்துத்தான் கரடி குளிர்காலம் முழுக்கத் தூங்க வேண்டும். அதன் சாப்பாட்டைக் கெடுக்க எனக்கு மனமில்லை.

ஜூலையில் கட்டிய முதல் கேமராவில் 1,900 படங்கள். அத்தனையும் ஒரே பெரணிச் செடி! இந்த சென்சார் சூடான ஒன்று நகர்வதைத்தான் பிடிக்கும். வெயிலில் சூடேறிய இலை காற்றில் ஆடினாலும் அதற்கு விலங்குதான். இப்போது முன்னால் இருக்கும் செடிகளை ஒதுக்கிவிட்டு, ஆடாத பருத்த மரமாகப் பார்த்து, இடுப்பு உயரத்தில், வடக்கு பார்த்துக் கட்டுகிறேன். தடத்துக்குக் குறுக்கே வைக்காமல் சாய்வாக வைத்தால், விலங்கு நடந்து வருவது கொஞ்ச நேரம் படத்தில் இருக்கும். குளிருக்கு லித்தியம் பேட்டரிதான் தாங்குகிறது. அப்புறம் மழை. வருஷத்துக்கு 2,500 மி.மீ.க்கு மேல் பெய்கிற ஊர் இது. உள்ளே ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டும் ஒரு கேமராவின் கண்ணாடி பூத்துவிட்டது.

இரண்டாவது கேமரா பார்ப்பது ஒரு ஹெம்லாக் மரத்தை. கரடிகள் முதுகு தேய்க்கும் மரம். என் தோள் உயரத்தில் பட்டை வழவழவென்று இருக்கிறது. அதற்கு மேலே நகக் கீறல்கள். வழிந்த பிசினில் கருப்பு முடிகள் ஒட்டியிருக்கின்றன. ஒரு தாய்க் கரடி பின்னங்காலில் நின்று, கண்ணை மூடிக்கொண்டு முதுகைத் தேய்க்கிறது. அது போனதும் குட்டி வந்து அதே மாதிரி நின்று தேய்க்கிறது, அதற்கு எட்டுகிற உயரத்தில். அந்த 20 விநாடி வீடியோவை நானும் மகளும் எத்தனை தடவை பார்த்தோம் என்று தெரியாது.

உனக்கு நான் முக்கியமாகச் சொல்ல நினைத்தது மூன்றாவது கேமராவைப் பற்றி. ஓடைக் கரையில் தலை மட்டும் இல்லாத சால்மன்கள் பாசி மேல் கிடப்பதைப் பல வருஷமாகப் பார்க்கிறேன். ஓநாய் வேலை அது. இந்தக் கடலோர ஓநாய்கள் பெரும்பாலும் தலையைத்தான் தின்னும். ஒரு முறைகூட ஓநாயை நான் நேரில் பார்த்ததில்லை. போன சனிக்கிழமை கேமராவின் மெமரி கார்டை எடுத்து வந்து பார்க்கிறேன். அதற்கு முந்தைய தடவை நான் கார்டு மாற்றிவிட்டுக் கிளம்பியது மாலை 4.10. 4.52க்கு ஒரு சாம்பல் நிற ஓநாய் அதே தடத்தில் வருகிறது. என் பூட்ஸ் பதிந்த சேற்றில் மூக்கை வைத்து முகர்கிறது. நிமிர்ந்து நான் போன திசையைப் பார்க்கிறது. பிறகு ஓடைக்கு இறங்கிவிட்டது. பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது மாப்ள. இத்தனை வருஷம் காடு காலியாக இருக்கிறது என்று நினைத்து நடந்திருக்கிறேன்.

தின்றது போக மிஞ்சிய மீன் அங்கேயே மக்கி மரத்துக்கு உரமாகிறது. கடலில் இருந்து வந்த நைட்ரஜனை இந்தக் கரையோர மரங்களுக்குள் ஆய்வாளர்கள் அளந்தே காட்டியிருக்கிறார்கள். அந்த ஓநாயைப் பார்த்த பிறகு, கரையில் நிற்கும் ஒவ்வொரு ஸ்ப்ரூஸ் மரத்தையும் தொட்டுப் பார்க்கத் தோன்றுகிறது.

அடுத்த வாரம் கோஹோ என்ற வகை சால்மனுக்காக ஒரு கேமராவை ஓடையில் இன்னும் மேலே நகர்த்துகிறேன். ஓநாய் படத்தின் பிரதி ஒன்று இதனுடன் வைத்திருக்கிறேன், அம்மாவிடமும் காட்டு. நாய் என்றுதான் சொல்வார்கள், பரவாயில்லை.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்