கரண்ட் இல்லாத மார்கழி

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கூட்டு வழிபாட்டுக்கு வராத பிள்ளைகளுக்குப் பக்தி எங்கிருந்து வரும் என்று கேட்டு ஒரு வாசகர் எழுதியிருந்ததைப் படித்தேன். நான் கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் தையல் வேலை செய்பவள். திருவாசகம் முழுவதையும் பலர் கூடிப் பாடும் முற்றோதலுக்கு வருடக்கணக்காகப் போய்வருகிறேன். ஆனால் எனக்குப் பக்தி வந்த இடம் அது இல்லை.

2011 டிசம்பர் 30 விடியற்காலையில் தானே புயல் எங்கள் வீட்டு ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டைப் பிய்த்துக்கொண்டு போனது. தையல் மெஷினின் இரும்புக் காலைப் பிடித்தபடி விடியும்வரை கிடந்தேன். அப்புறம் பல நாள் கரண்ட் இல்லை. மார்கழி மாதம், ஸ்பீக்கரில் ஒரு பாட்டுகூடக் கேட்கவில்லை. பழக்கதோஷத்தில் நாலரைக்கு எழுந்து அகல் ஏற்றி உட்கார்ந்தால், மனப்பாடமாகத் தெரிந்த பதிகம் எதுவும் வாயில் வரவில்லை. சண்டைதான் வந்தது. "பொங்கலுக்குத் தைக்கக் கொடுத்த துணியெல்லாம் நனைஞ்சு, ஒண்ணோட சாயம் ஒண்ணுல ஏறிக் கிடக்கே, நான் யாருக்கு என்னன்னு பதில் சொல்லுவேன்?" என்று சாமியிடம் வாய்விட்டே கேட்டேன். அழுதேன். எண்ணெய் தீர்ந்து திரி கருகும்வரை எழுந்திருக்கவில்லை. மறுநாளும் அதே நேரத்துக்கு உட்கார்ந்தேன். இன்றுவரை விடவில்லை.

அதுவரை முற்றோதலில் என் காது பக்கத்தில் இருப்பவர் எங்கே பிழைவிடுகிறார் என்றுதான் பார்த்துக்கொண்டிருக்கும். இப்போதும் போகிறேன், சேர்ந்து பாடுகிறேன். விளக்கடியில் தனியாகச் சொல்லி அழுத வரி வரும்போது தொண்டை அடைத்துக்கொள்கிறது.

அப்பர் சுவாமிகளைக் கல்லோடு கட்டிக் கடலில் தள்ளியபோது கூடப் பாட யார் இருந்தார்கள்? ஒற்றை ஆளாக அவர் சொன்ன ஐந்தெழுத்துதான் அந்தக் கல்லைத் தெப்பமாக மிதக்கவைத்து எங்கள் ஊர்க் கரையில் சேர்த்தது என்று நம்புகிறோம். இங்குள்ள கரையேறவிட்ட குப்பம் என்ற ஊரின் பெயரே அதற்குச் சாட்சி. எதிர்வீட்டு அக்கா கிறிஸ்தவர். கதவைச் சாத்திக்கொண்டு அந்தரங்கத்தில் ஜெபம் பண்ணும்படி இயேசுவே சொல்லியிருக்கிறார் என்பார். சாயங்காலம் அவர் கதவு சாத்தியிருந்தால் தெருவில் யாரும் கூப்பிட மாட்டோம்.

என் பேரனும் கோயிலுக்கு வரமாட்டேன் என்கிறான். ஆனால் படுக்கப் போகுமுன் திண்ணையில் பத்து நிமிடம் கண்ணை மூடி உட்காருகிறான். என்ன வேண்டிக்கொள்கிறாய் என்று நான் கேட்டதில்லை. அவன் அம்மா உள்ளேயிருந்து படுக்கக் கூப்பிட்டால், "கொஞ்சம் இரும்மா, வருவான்" என்று நான்தான் பதில் சொல்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.