பேச்சிப்பாறை அணை நீர்மட்டத்துக்குக் கீழே ஒரு வரி

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மார்கழி பிறந்தால் என் மகளுக்குத் தும்மல் ஆரம்பித்துவிடும். எழுந்ததும் பதினைந்து, இருபது தும்மல். கண் சிவந்து, மூக்கு ஒழுகி, பள்ளிக்கூடம் கிளம்புமுன் கைக்குட்டை நனைந்துபோகும். எங்கள் ஊர் குமரி மாவட்டத்துத் தோவாளை. பூவுக்குப் பேர்போன ஊர் என்பதால் பழியும் பூமேல்தான் விழுந்தது. "பிச்சி மணம் பிள்ளைக்கு ஆகாது" என்று ஆளாளுக்குச் சொல்ல, முற்றத்தில் பத்து வருஷமாகப் படர்ந்திருந்த கொடியை வெட்டிப்போட்டேன். தும்மல் போகவில்லை.

டாக்டர்தான் வீட்டைச் சுற்றி என்ன இருக்கிறது என்று கேட்டார். பக்கத்தில் ஒரு காலி மனை. வயலை மண்ணடித்து பிளாட் போட்டது; வாங்கியவர் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. மழை ஓய்ந்ததும் புல் இடுப்பளவு வளர்ந்து பூத்து நிற்கும். அதை யார் பூ என்று பார்க்கிறார்கள்? ஒரு கதிரைத் தட்டினேன். கறுப்பு பேண்டில் கடலைமாவு சிந்தினாற்போல மஞ்சள் பொடி.

பிச்சி, அரளி, கேந்தியின் மகரந்தம் பிசுபிசுப்பானது. பூச்சிதான் சுமக்க வேண்டும். புல்லும் சவுக்கும் காற்றை நம்பிப் பூப்பவை. நிறமோ மணமோ கிடையாது, பொடிக்கு மட்டும் பஞ்சமில்லை. நம் பக்கத்துக் காற்றைப் பற்றி முப்பந்தல் காற்றாலைகளைக் கேட்டால் போதும். நெல்லும் புல் இனம்தான் என்றாலும், கும்பப்பூ (இரண்டாம் போக நெல்) வயலைக் குறைசொல்ல மனசு வரவில்லை. ஒவ்வொரு நெல்பூவும் காலையில் ஒரு மணி நேரம்போலத் திறந்துவிட்டு உமியை மூடிக்கொள்கிறது. ஒன்றிரண்டு வாரத்தில் வயலே பூத்து முடிந்துவிடும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பேச்சிப்பாறை அணை நிறைந்தால் 48 அடி, பெருஞ்சாணி அணை நிறைந்தால் 77 அடி என்பது உங்கள் வாசகர்களுக்கு மனப்பாடம். நீர்மட்டத்தை அன்றாடம் போடுகிறீர்கள். அதற்குக் கீழே வாரம் ஒருமுறை ஒரே ஒரு வரி போடக்கூடாதா? இந்த வாரம் எந்தப் புல், எந்த மரம் பூக்கிறது என்று. மகரந்தத்தை எண்ணும் கருவி வரும்போது வரட்டும். அதுவரை தாவரவியல் படிக்கும் பிள்ளைகள் கண்ணால் பார்த்துச் சொன்னாலே போதும். நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் கல்லூரிக்கா பஞ்சம்?

அப்புறம், காலி மனைக்காரர்களுக்கு உள்ளாட்சிகள் ஐப்பசி, கார்த்திகையிலேயே நோட்டீஸ் கொடுக்கட்டும். புல்லைப் பூக்குமுன் அறுக்க வேண்டும். பூத்தபிறகு அறுத்தால் அறுக்கிறவருக்கும் தும்மல்தான்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
தோவாளை.