அந்தத் தவளைக்கும் நடுப்பக்கம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் நடுப்பக்கத்தில் மலை இருவாச்சிப் பறவை பற்றி வந்த கட்டுரையை வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். பெட்டை மரப்பொந்துக்குள் புகுந்து, வாசலைத் தன் எச்சத்தாலேயே பூசி அடைத்துக்கொள்வதும், விட்டுவைத்த கீறல் வழியாக ஆண் பறவை அத்திப்பழங்களை ஒவ்வொன்றாகக் கக்கி ஊட்டுவதும் எத்தனை முறை படித்தாலும் அலுக்காதவை. வால்பாறையில் ஒருமுறை அது தலைக்கு மேல் பறந்தபோது முதலில் கேட்டது சிறகின் இரைச்சல்தான். நான் அண்ணாந்து பார்ப்பதற்குள் பள்ளத்தாக்கைத் தாண்டிவிட்டது.

அதே மேற்குத் தொடர்ச்சி மலையில் அடைந்து வாழும் இன்னோர் உயிரும் உண்டு: ஊதாத் தவளை. கேரளத்தில் பாதாளத் தவளை என்பார்கள். உப்பிய உடல், குட்டைக் கால், பன்றிக்கு இருப்பதுபோல் நீண்ட மூக்கு. இருவாச்சிப் பெட்டை அடைபட்டிருப்பது சில மாதம்தான். இதுவோ கரையான் தின்றுகொண்டு ஆண்டின் பெரும்பகுதியை மண்ணுக்கடியில் கழித்துவிட்டு, மழை தொடங்கும்போது இணைசேரச் சில நாள் மட்டும் மேலே வருகிறது. இதன் தலைப்பிரட்டையை 1918-லேயே விவரித்துவிட்டார்கள். தவளைக்குப் பெயர் வைத்தது 2003-ல்! நெருங்கிய சொந்தங்கள் இருப்பது கடல் கடந்த சீஷெல்ஸ் தீவுகளில். எங்கள் ஸ்ரீவில்லிபுத்தூர் மலையிலிருந்து 2017-ல் இந்தத் தவளை வகையில் இன்னோர் இனம் அறிவிக்கப்பட்டது. கோவையில் பணியாற்றி மறைந்த ஆய்வாளர் பூபதியின் பெயரைத்தான் அதற்குச் சூட்டியிருக்கிறார்கள்.

இருவாச்சி கூடு வைக்கும் முதுமரத்தில் கோடரி விழுந்தால் தட்டிக் கேட்க இன்று ஆள் இருக்கிறது. தவளைக்கு அப்படி யாரும் இல்லை. அதன் தலைப்பிரட்டை, உறிஞ்சும் வாயால் பாறையைக் கவ்விக்கொண்டு, பாய்ந்து வரும் ஓடை நீரில் வளர்கிறது. குறுக்கே தடுப்பணை எழும்பி நீர் தேங்கிவிட்டால் அது எங்கே போய் ஒட்டும்? சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பக்கத்து ஓடை ஒன்றில் பாறைகள்மேல் சிமெண்ட் பூசிப் படிக்கட்டு கட்டினார்கள். அந்தப் பாறைகளில் என்ன ஒட்டியிருந்தது என்று யாரும் குனிந்து பார்க்கவில்லை. நானும் கேட்கவில்லை. அது இன்னும் உறுத்துகிறது.

ஐப்பசி மழைக்கு முன் இந்தத் தவளைக்கும் அதே நடுப்பக்கத்தை ஒதுக்குங்கள். தவளையின் படம் கிடைப்பது கடினம் என்றால், பாறையில் அப்பியிருக்கும் தலைப்பிரட்டையின் படத்தையாவது பெரிதாகப் போடுங்கள். மலையடிவாரப் பள்ளிகளுக்கு நானே வாங்கிக்கொண்டு போய்க் கொடுக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை,
ராஜபாளையம்