வெள்ளிக்கிழமை படத்துக்கு நீங்களும் வாருங்கள்

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

வருகிற வெள்ளிக்கிழமை மாலை 4.30 மணிக்கு, நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு லாரல்-ஹார்டி என்ற நகைச்சுவை ஜோடி நடித்த ‘வே அவுட் வெஸ்ட்’ படத்தைப் பள்ளி அரங்கில் திரையிடுகிறோம். 1937இல் ஹாலிவுட்டில் வந்த கறுப்பு வெள்ளைப் படம். பாட்டும் ஆட்டமும் சிரிப்புமாக ஒரு மணி நேரத்தைக் கொஞ்சம் தாண்டும். இவ்வளவு பழைய ஆங்கிலப் படத்தைப் பிள்ளைகள் உட்கார்ந்து பார்ப்பார்களா என்று உங்களில் சிலர் கேட்டீர்கள். நிச்சயம் பார்ப்பார்கள்.

கதை சின்னதுதான். இறந்துபோன ஒருவரின் தங்கச் சுரங்கப் பத்திரத்தை அவர் மகள் மேரியிடம் ஒப்படைக்க, கோவேறு கழுதை ஒன்றை ஓட்டிக்கொண்டு இருவரும் ஓர் ஊருக்கு வருகிறார்கள். மேரி அங்கே ஒரு மதுக்கடையில் எடுபிடி வேலை செய்கிறாள். கடைக்காரன் தன் மனைவியையே மேரி என்று காட்டிப் பத்திரத்தை வாங்கிக்கொள்கிறான். ஏமாந்தது தெரிந்ததும் அதைத் திரும்பப் பெற இவர்கள் படும் பாடுதான் மீதிப் படம்.

நான் பிள்ளைகளுக்குக் காட்ட ஆசைப்படுவது ஓர் ஆட்டத்தை. கடை வாசலில் சிலர் உட்கார்ந்து பாடிக்கொண்டிருப்பார்கள். இருவரும் நின்று கேட்பார்கள். முதலில் கால் மட்டும் தாளம் போடும். அப்புறம் உடம்பு அசையும். கொஞ்ச நேரத்தில் இரண்டு பேரும் முழுதாக ஆட ஆரம்பித்துவிடுவார்கள். யாருக்கும் காட்டிக்கொள்ள அல்ல, பாட்டு பிடித்துப்போனதால் ஆடுகிறார்கள். அந்தப் பெரிய உடம்பை வைத்துக்கொண்டு ஹார்டி எவ்வளவு லேசாக அடி வைக்கிறார் என்று பாருங்கள். பரிசுக்காகவும் மேடைக்காகவும் மட்டுமே ஆடிப் பழகிய நம் பிள்ளைகள் இதைப் பார்க்க வேண்டும்.

கடைக்குள் வரும் பாட்டில் லாரலின் குரல் திடீரென்று அடித்தொண்டைக்கு இறங்கும். ஹார்டி தலையில் ஒன்று போட்டதும் பெண் குரலாகிவிடும். இரண்டுமே வேறு ஆட்கள் கொடுத்த குரல். இருவரும் மறைந்த பிறகு, 1975இல், இந்தப் பாட்டு பிரிட்டனில் இசைத்தட்டாக வந்து விற்பனை வரிசையில் இரண்டாம் இடம் வரை போனது.

வசனம் முழுக்க ஆங்கிலம். ஆனாலும் பக்கத்தில் உட்கார்ந்து வரிக்கு வரி விளக்கம் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். பத்திரத்தை மீட்காவிட்டால் உன் தொப்பியைத் தின்கிறேன் என்று ஹார்டியிடம் லாரல் வீராப்பு பேசிவிட்டு, பிறகு அழுதுகொண்டே தின்னத் தொடங்குவார். போகப் போக ருசித்து, உப்புப் போட்டுச் சாப்பிடுவார். இதற்கு என்ன விளக்கம் வேண்டும்? இன்னொன்றும் சொல்ல வேண்டும். திரையில் ஒன்றும் புரியாதவராக விழிக்கும் இந்த லாரல்தான் அவர்கள் படங்களின் வேடிக்கைகளை யோசித்து உருவாக்கியவர், படத்தொகுப்பிலும் கூடவே இருந்தவர். வகுப்பில் விழித்துக்கொண்டிருக்கும் பிள்ளையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவர் நினைவுதான் வரும்.

இனி கவனிக்க வேண்டியவை. லாரல் தன் கட்டைவிரலைச் சொடுக்கித் தீ வரவழைக்கும் காட்சி ஒன்று உண்டு. அது வெறும் படத் தந்திரம் என்று திரையிடும் முன்பே நான் சொல்லிவிடுவேன். நீங்களும் வீட்டில் சொல்லுங்கள், தீப்பெட்டியையும் லைட்டரையும் எட்டாத இடத்தில் வையுங்கள். பத்திரத்தைப் பிடுங்கக் கடைக்காரன் மனைவி லோலா கிச்சுக்கிச்சு மூட்ட, லாரல் சிரித்துச் சிரித்துத் துவண்டுபோகும் காட்சியும் வரும். எல்லோரும் சிரிப்பார்கள். ஆனால் ஒருவர் வேண்டாம் என்ற பிறகும் தொடுவது விளையாட்டில்லை என்பதைத் திங்கட்கிழமை வகுப்பாசிரியர்கள் பிள்ளைகளோடு பேசுவார்கள். மதுக்கடையும் துப்பாக்கியும் வருகின்றன, ரத்தம் கிடையாது.

தம்பி தங்கைகளையும் அழைத்து வரலாம். பள்ளி வேன் அன்று 6.15க்குப் புறப்படும். வேனில் வராத பிள்ளைகளை யார் வந்து அழைத்துப் போவார்கள் என்பதை வியாழக்கிழமைக்குள் டைரியில் எழுதி அனுப்புங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்