ஜெல் ஆகுறது சும்மா இல்ல சார்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

உங்க அறிவியல் பக்கத்துல இயற்கை பாலிமர், அதாவது நீளமான சங்கிலி மூலக்கூறுங்க எல்லாம் தண்ணிய உறிஞ்சி ஜெல் ஆகும்னு ஒரே வரில முடிச்சிட்டீங்க, விஷயமே அதுக்கு அப்புறம்தான சார் இருக்கு. கேராஜீனன் எடுத்துக்கோங்க, உணவ கெட்டியாக்க சேர்க்குற சர்க்கரைச் சங்கிலி அது, அதோட மூணு முக்கிய வகையுமே சிவப்பு கடல்பாசில இருந்துதான் வருது, ஆனா ரெண்டு சர்க்கரை யூனிட்டுக்கு ஒரு சல்பேட் இருந்தா அது கப்பா, பொட்டாசியம் சேர்த்தா கெட்டியா உடையுற மாதிரி ஜெல் ஆகும், ரெண்டு இருந்தா அயோட்டா, கால்சியத்தோட மெத்துனு வளையும், மூணு ஆச்சுன்னா லாம்டா, அது ஜெல்லே ஆகாது. ஏன்னா சல்பேட்டுக்கு நெகட்டிவ் சார்ஜ், அது கூடக்கூட சங்கிலிங்க ஒன்னையொன்னு தள்ளிவிடும், லாம்டால சங்கிலி முறுக்கிக்கவே முடியாது, முறுக்கிக்கிட்டு வலை பின்னுனாதான தண்ணி உள்ள மாட்டும்!

பழுப்பு கடல்பாசில இருந்து வர்ற ஆல்ஜினேட் வேற கதை. அதோட சங்கிலில குலுரோனிக், மானுரோனிக்னு ரெண்டு வகை யூனிட் இருக்கு, குலுரோனிக் யூனிட் வரிசையா வர்ற இடத்துல கால்சியம் முட்டை ட்ரேல முட்டை மாதிரி உக்காந்துக்கும், அந்த வரிசை நீளமா இருந்தா ஜெல் விறைப்பா வரும், மானுரோனிக் அதிகம்னா தொளதொளனு இருக்கும்.

பழத்துல இருக்குற பெக்டின்லயும் பாதிக்கு மேல யூனிட்ல மெத்தில் குரூப் ஒட்டியிருந்தா ஜெல் ஆக சர்க்கரையும் புளிப்பும் வேணும், கம்மியா இருந்தா கால்சியமே போதும். இதையும் ஒரு பத்தி போட்டிருக்கலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்