படிப்பகச் செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர் அவர்களுக்கும், வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும், வராத உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

கொடியேற்றம், பொங்கல் கோலப்போட்டி, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம், கண் பரிசோதனை முகாம் எல்லாம் வழக்கம்போல் நடந்தன. செயற்குழு ஏழு முறை கூட்டப்பட்டது. கோரம் (கூட்டம் செல்லத் தேவையான குறைந்தபட்ச வருகை) சேர்ந்தது நான்கு முறை.

அடுத்து டைனோசர் கண்காட்சி. "பேப்பர் எலும்புக்கு இவ்வளவு செலவா?" என்று டீக்கடையில் கேட்கிறார்கள். பொதுக்குழுவில் யாரும் கேட்கவில்லை. ஆனாலும் பதில் இங்கேயே பதிவாகட்டும்.

மூன்று பலகைகள், ஒரு எலும்பு. முதல் பலகை இகுவானோடான். இங்கிலாந்து மருத்துவர் கிடியன் மான்டெல் 1825இல் பற்களை வைத்து இந்தப் பெயரைச் சூட்டினார். இகுவானா ஓணானின் பல்லைப் போல இருந்ததால் அந்தப் பெயர். தனியாகக் கிடைத்த ஒரு கூம்பு எலும்பை மூக்குக்கொம்பு என்று நினைத்தார். 1854இல் லண்டன் கிரிஸ்டல் பேலஸ் பூங்காவின் டைனோசர் சிலைகளிலும் அந்தக் கொம்பு ஏறிவிட்டது. 1878இல் பெல்ஜியத்தின் பெர்னிஸார் நிலக்கரிச் சுரங்கத்தில் 322 மீட்டர் ஆழத்தில் எலும்புக்கூடுகள் முழுசாகக் கிடைத்த பிறகுதான் அது கைக் கட்டைவிரல் என்று தெரிந்தது. அதைத் திருத்திய தொல்லுயிர் ஆய்வாளர் லூயி டோலோவும் ஒரு தப்பு செய்தார். விலங்கை கங்காரு போல வாலை ஊன்றி நிமிர்த்தி நிறுத்தினார். அதன் முதுகிலும் வாலிலும் தசைநாண்கள் எலும்பாகவே இறுகியிருக்கின்றன. வாலை அப்படி வளைக்க வேண்டுமானால் உடைக்கத்தான் வேண்டும். இந்தத் திருத்தம் வர ஏறக்குறைய நூறு ஆண்டு ஆனது. பெர்னிஸார் எலும்புக்குள் பைரைட் (இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம்) வேறு இருக்கிறது. ஈரக்காற்று பட்டால் பைரைட் அமிலமாகி, உப்பி, எலும்பை உள்ளிருந்தே வெடிக்க வைக்கும். அதனால்தான் அவை இன்று பிரஸ்ஸல்ஸில் கண்ணாடிக் கூண்டுக்குள் நிற்கின்றன.

இரண்டாம் பலகை, 2020இல் பெரம்பலூர் குன்னத்தில் 'டைனோசர் முட்டை' என்று வாட்ஸ்அப்பில் ஓடிய உருண்டைகள். அவை அம்மோனைட் என்ற, அழிந்துபோன சுருள் ஓட்டுக் கடல் உயிரியைச் சுற்றி இறுகிய கடல் படிவம். உருண்டையாக இருப்பதெல்லாம் முட்டை ஆகாது. ஓடு தனி அடுக்காக, மெல்லியதாக, நுண்துளைகளோடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

மூன்றாவது நம் ஊர்க்கதை. அரியலூர் பக்கம் கல்லமேட்டில் புவியியலாளர்கள் யாதகிரியும் அய்யாசாமியும் கண்டெடுத்து, 1980களின் பிற்பகுதியில் பெயரிட்ட புருகத்காயசாரஸ். கணைக்கால் எலும்பு மட்டும் 2 மீட்டர். முதலில் ஊனுண்ணி என்று வகைப்படுத்தினார்கள். பிறகு நீள்கழுத்துத் தாவர உண்ணி என்று மாற்றினார்கள். சரிபார்க்க மூல எலும்பு இல்லை. மக்கிப்போன எலும்பு, பிளாஸ்டர் உறைக்குள்ளேயே நொறுங்கிவிட்டது. கல்மரம் நிறைந்த பகுதியாயிற்றே, எலும்பு என்று சொன்னது மரமாக இருக்குமோ என்றுகூடச் சந்தேகம் எழுந்தது. 2022இல்தான் பழைய புகைப்படங்கள் ஆய்விதழில் வெளியாயின.

அந்த 2 மீட்டரைத்தான் நாம் செய்து வைத்திருக்கிறோம். மூங்கில் பிளாச்சு, மேலே கோழிவலை, அதன்மேல் சென்னைக் கொசப்பேட்டைப் பிள்ளையார் முறையில் பேப்பர் கூழ். 5 கிலோ பழைய பேப்பரை இரவெல்லாம் ஊறவைத்து அரைத்துப் பிழிந்து, 1½ கிலோ மரவள்ளி மாவைக் காய்ச்சிய பசையில் பிசைந்தோம். பசையில் ஒரு சிட்டிகை மயில்துத்தம் சேர்த்தால் பூச்சி அரிக்காது (கையில் உறை போட்டுக்கொள்ளுங்கள், பிள்ளைகளைத் தொடவிடாதீர்கள்). ஒரு பூச்சு அரை சென்டிமீட்டருக்கு மேல் போகக்கூடாது. போனால் மேல்பக்கம் காய்ந்து உள்பக்கம் ஈரமாகவே நின்று நாறும். ஐப்பசியில் போட்ட இரண்டாம் பூச்சு அப்படித்தான் பெயர்ந்து வந்தது. பச்சை மூங்கிலை வாங்கியது இன்னொரு தப்பு. காய்ந்து சுருங்கியதும் இரு முனையிலும் வாய் பிளந்துகொண்டது. ஆகவே செலவு இரண்டு முறை.

ஞாயிறு காலை பத்து மணிக்குக் கூழ் பிசைய வருவதாகக் கையெழுத்திட்டவர்கள் பதினான்கு பேர். வந்தவர்கள் மூன்று பேரும், அவர்கள் வீட்டுப் பிள்ளைகளும். கண்காட்சி திறந்த அன்று மட்டும் போட்டோவுக்கு எல்லோரும் இருந்தார்கள். பெயர் சொல்லப்போவதில்லை, போட்டோவே சொல்லும்.

சந்தா மாதம் ஐம்பது ரூபாய். பாதிக்கு மேற்பட்டோர் ஆடி மாதத்தோடு நிறுத்திவிட்டார்கள். நினைவூட்டினால் "ஜிபேயில் போட்டுவிட்டேனே" என்கிறார்கள். பொருளாளர் போனில் காணோம். வரவு செலவு ஏறக்குறைய சரிக்குச் சரி. துண்டு விழுந்த சிறு தொகையைச் செயற்குழுவினர் சிலர் கைமாற்றாகக் கொடுத்திருக்கிறார்கள். ரசீதுகள் பைலில் உள்ளன, வந்து பார்க்கலாம்.

தலைவர், பொருளாளர், நாற்காலி தந்த அண்ணன், டீ கொடுத்த அக்கா அனைவருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு பொறுப்பை யார் ஏற்றாலும் எனக்குச் சம்மதமே. ஏற்பவர் எலும்பையும் சேர்த்து ஏற்க வேண்டும். இப்போது அது மாடிப்படிக்குக் கீழே, ஒழுகும் தகரத்தின் அடியில் தார்ப்பாய் மூடிக் கிடக்கிறது. அடுத்த ஐப்பசிக்குள் ஏழடி நீளச் சுவர் ஒன்று தேவை. தரையிலிருந்து ஓரடி உயரத்தில் எலும்பை மாட்ட, ஈரம் ஏறாத சுவர். வாடகை வேண்டுமென்பவர்கள் தங்கள் சந்தா பாக்கியில் கழித்துக்கொள்ளலாம்.